சௌராஸ்தா மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையும் நான் திருப்பிக் கொடுத்த புத்தகமும்

பினாங்கு ரோட்டில் இருக்கும் சௌராஸ்தா பசாருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஜாதிக்காய் ஊறுகாய், உப்பில் போட்ட மாங்காய், பிஸ்கட் பொட்டலம் என்று பையை நிரப்பிக்கொண்டு பக்கத்துச் சந்தில் செண்டோல் குடிக்கப் போய்விடுவார்கள். மாடிப்படி ஏறுகிறவர்கள் குறைவு. ஏறினால் பழைய புத்தகக் கடைகள். அடுக்கி அடுக்கி வைத்த புத்தகங்களுக்கு நடுவே ஓர் ஆள் உடம்பைத் திருப்பி நடக்கிற அளவுக்குத்தான் சந்து இருக்கும்.

அந்தக் கடைகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. எழுதப் போகிறேன் என்று கடைக்கார பாயிடம் சொன்னபோது, "கடையப் பத்தி எழுதுங்க, பேரெல்லாம் வேணாம் சார்ஜன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லை மதிக்கிறேன். மேலே போய் நாலு கடையிலும் நின்று பார்த்தால் எந்தக் கடை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் ராணுவத்தில் 21 வருஷம் இருந்தவன். 2005இல் ஸ்டாப் சார்ஜனாக வெளியே வந்தேன். அதற்குப் பிறகு பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. சனிக்கிழமை லீவு என்றால் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி வெல்டு கீயில் இறங்குவேன். அங்கிருந்து இலவசப் பேருந்தில் கொம்தார், கொம்தாரிலிருந்து பொடிநடை. அப்படி இந்தக் கடைக்கு வரத் தொடங்கி இருபது வருஷம் ஆகப்போகிறது.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் புத்தகங்கள்தான் அதிகம். அடுத்தது மலாய். பள்ளிப் பயிற்சி நூல்கள் ஒரு சுவர் முழுக்க. தமிழுக்கு ஒரே ஒரு தட்டு, அதிலும் பாதி பழைய மாத இதழ்கள். அது எனக்குக் குறைதான், பாயிடமும் சொல்லியிருக்கிறேன். "தமிழ்ப் புத்தகத்த யாரும் விக்க மாட்டேங்கிறாங்க சார்ஜன், தூக்கித்தான் போடுறாங்க" என்றார். அதற்கப்புறம் எங்கள் வட்டாரத்தில் யாராவது வீடு மாறினால் நானே போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறேன்.

விலை அட்டையின் உள்பக்கம் மேல் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கும். பேரம் ஒரு தடவை பேசலாம். இரண்டாவது தடவை கேட்டால் பாய் புத்தகத்தை வாங்கி மறுபடி அடுக்கில் வைத்துவிடுவார், கோபமே இல்லாமல். வாங்கிய புத்தகத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை கிடைக்கும். ரசீது கேட்க மாட்டார், பென்சில் எழுத்தே போதும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை சாத்தியிருக்கும். மழை நாளில் உள்பக்கம் இருட்டு, கைபேசி வெளிச்சத்தில்தான் தேட வேண்டும். ஒரே ஒரு காற்றாடி, அதுவும் பாய் உட்கார்ந்திருக்கும் பக்கம். ஒழுங்குமுறை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் பாய் கண்ணை மூடி ஒரு நொடி யோசித்துவிட்டு, "மூணாவது அடுக்கு, கீழேருந்து அஞ்சாவது, நீல அட்டை" என்பார். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும்.

இதெல்லாம் வேறு கடைகளிலும் உண்டு. இந்தக் கடையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

2013இல் சமையல் புத்தகங்களுக்கு அடியிலிருந்து அதை எடுத்தேன். எரிக் கிரைட்டன்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை வீரர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதி 2011இல் வந்த நூல். கெட்டி அட்டை. 18 வெள்ளி, அதாவது ரிங்கிட். சாதாரணமாக நான் ராணுவ வீரர்களின் சுயசரிதைகளை வாங்குவதில்லை. துப்பாக்கி, தோட்டா, எத்தனை பேரைக் கொன்றேன் என்று போகும். இதைப் புரட்டியபோது குரோவேஷியா என்ற சொல் கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

1994இல் நான் போஸ்னியாவில் இருந்தேன். ஐநா அமைதிப்படையில் மலேசியப் பட்டாளம் கொன்யிட்ஸ், யாப்லானிட்சா பக்கம் முகாம் போட்டிருந்தது. நான் கவச வண்டி ஓட்டுநர். நெரெத்வா ஆறு பச்சையாக ஓடும். யாப்லானிட்சாவில் இரண்டாம் உலகப் போரில் நடந்த சண்டையின் நினைவுச் சின்னமாக, உடைந்த ரயில் பாலம் ஒன்றை ஆற்றில் சாய்ந்த மாதிரி விட்டு வைத்திருப்பார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுவோம். குளிரில் விரல் மடங்காது. பிள்ளைகள் சாலையோரம் நின்று கை நீட்டுவார்கள், எங்கள் பொட்டலச் சோற்றிலிருந்து எடுத்துக் கொடுப்போம். அதே 1994 கோடையில், இருபது வயதுகூடத் தொட்டும் தொடாமலும் இருந்த கல்லூரி மாணவனான இந்த கிரைட்டன்ஸ், பக்கத்து நாடான குரோவேஷியாவின் அகதி முகாம்களில் போஸ்னியப் பிள்ளைகளோடு தொண்டு வேலை செய்திருக்கிறார். நாங்கள் சாலையில் பார்த்த மாதிரிப் பிள்ளைகளையேதான் அவர் முகாமில் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கங்களைக் கடையிலேயே நின்று படித்தேன். பாய் ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் ருவாண்டா அகதிகளிடம் போயிருக்கிறார். இந்தியாவில் அன்னை தெரேசாவின் இல்லத்திலும் வேலை செய்திருக்கிறார். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போய் முனைவர் பட்டம். அவ்வளவு படித்தவர், பெரிய சம்பளத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் கடற்படையில் சேர்ந்து, சீல் என்கிற அதன் சிறப்புப் படைக்கான பயிற்சி எடுத்தார். தூக்கமே இல்லாமல் குளிர்ந்த கடலில் கிடக்கும் அந்த ஒரு வாரப் பயிற்சியைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் உண்மையானவை. பயிற்சி எடுத்தவனுக்குத் தெரியும், எது கதை, எது பட்டது என்று. 2007 மார்ச்சில் ஈராக்கின் பலூஜாவில் குளோரின் குண்டு லாரி வெடித்ததில் காயம்பட்டார். திரும்பி வந்து மருத்துவமனையில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்தார். எல்லோரும் அவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் கேட்பது மறுபடி வேலை செய்ய ஒரு வாய்ப்பு என்று புரிந்துகொண்டார். தன் போர்ப்படியைப் போட்டு, நண்பர்கள் தங்கள் ஊனப் படியைக் கொடுக்க, அதே வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். ஓய்வுபெற்ற வீரர்களைத் தங்கள் ஊரிலேயே சேவை வேலையில் அமர்த்தும் நிறுவனம்.

இந்தக் கடைசிப் பகுதிதான் என்னை ஆட்கொண்டது. வெளியே வந்த முதல் இரண்டு வருஷம் நான் பட்டது எனக்குத் தெரியும். காலையில் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து செய்ய ஒன்றும் இருக்காது. வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அன்பு மட்டும் போதவில்லை.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், போலீஸ், ராணுவம், தீயணைப்பு என்று விண்ணப்பிக்கிற இந்தியப் பையன்களுக்கு ஞாயிறு காலையில் ஓட்டமும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுக்கிறேன். முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து நாஸி லெமாக் சாப்பிடுவோம். அப்போது அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்வேன். அகதிப் பிள்ளைகள் பகுதியை மட்டும் நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். ஒரு பையன், இப்போது ராணுவத்தில் இருக்கிறான், "அண்ணே, இந்த ஆள் இன்னும் உசுரோட இருக்காரா?" என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

2016இல் அவர் அரசியலுக்கு வந்தார். மிசூரி மாநில ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர். அமெரிக்காவில் ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், இங்கே முதலமைச்சர் பார்க்கிற வேலையை அங்கே அவர் பார்க்கிறார். அதற்கு முன்பு எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. ஊழல் அரசியல்வாதிகளைத் துடைத்தெறிய வந்த வெளியாள் என்பதுதான் அவருடைய பேச்சு. ஜெயித்தார். 2017 ஜனவரியில் பதவியேற்றபோது வயது 42.

மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அந்தத் தேர்தல் விளம்பரத்தில் அவர் இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். எதிரில் யாரும் இல்லை, வெறும் வயல்வெளி. நான் துப்பாக்கி பிடித்தவன். அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, எண் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு ஆயுதக் கிடங்கில் திருப்பிக் கொடுத்தவன். ஓட்டுக் கேட்க அதைத் தூக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அகதிப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய ஆள்தானா இது என்று மனைவியிடம் கேட்டேன். தேர்தல் நேரம், எல்லாரும் ஏதாவது செய்வார்கள் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

பிறகு வந்தது 2018. அந்த வருஷம் மே 9ஆம் தேதி நம் நாட்டில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. 61 வருஷ ஆட்சி ஒரே இரவில் மாறியது. மாமாக் என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் திரையைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்த மாதம் முழுக்க எங்களுக்கு வேறு எந்த நாட்டுச் செய்தியும் காதில் ஏறவில்லை. ஜூன் நடுவில்தான், அந்தப் பையனே கைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். "அண்ணே, நீங்க சொல்ற ஆள் வேலைய விட்டுட்டாரு."

உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஜனவரியில் செய்தி வெளியாகியிருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய வருஷம் அவருக்கு ஒரு பெண்ணோடு தொடர்பு இருந்தது. அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் சொன்னது அதோடு நிற்கவில்லை. கண்ணைக் கட்டி, கையைக் கட்டி, தன் சம்மதம் இல்லாமல் படம் எடுத்தார், வெளியே சொன்னால் அந்தப் படம் பரவும் என்று சொன்னார் என்றார். மிரட்டியதாகச் சொல்லப்பட்டதை அவர் மறுத்தார். பிப்ரவரியில் குற்றச்சாட்டு பதிவானது. ஏப்ரலில் மாநில சட்டமன்றத்தின் 7 பேர் குழு அறிக்கை கொடுத்தது. குழுவில் பெரும்பான்மை அவருடைய கட்சிக்காரர்களே. சத்தியம் செய்து சாட்சி சொன்ன அந்தப் பெண்ணின் பேச்சு நம்பத்தக்கது என்றுதான் அந்தக் குழு எழுதியது. மே நடுவில் அந்த வழக்கை அரசுத் தரப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுபடி அது போடப்படவில்லை. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் பதவி நீக்க விசாரணைக்காகச் சட்டமன்றம் தானே சிறப்புக் கூட்டத்தைக் கூட்டியது. அந்த மாநிலத்தில் அதற்கு முன்பு அப்படி நடந்ததில்லை. மே 29ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார், ஜூன் 1ஆம் தேதி போய்விட்டார். துணை ஆளுநர் மைக் பார்சன் பதவிக்கு வந்தார். மொத்தம் 17 மாதம்கூட நிறையவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஊர் முழுக்கப் பேசும்போது, குழு முன்னால் உட்கார்ந்து அத்தனையும் திரும்பச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டாவது குற்றச்சாட்டு. பத்திரிகைகள் முதல் குற்றச்சாட்டைப் பெரிதாக்கிய அளவுக்கு அதைப் பெரிதாக்கவில்லை. அவர் தொடங்கிய தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியல் அவருடைய தேர்தல் குழுவின் கைக்குப் போயிருக்கிறது. அந்த நிறுவனம் அனுமதி கொடுக்கவில்லை என்றது. தொண்டு நிறுவனம் கட்சி வேலைக்கு உதவக் கூடாது என்பது அங்கே சட்டம். முன்பு வீரர்களுக்காகப் பெரிய தொகை கொடுத்தவர்களிடமிருந்து அவருடைய தேர்தலுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் வந்தது என்று ஒரு செய்தி நிறுவனம் 2016லேயே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறது. பட்டியல் கிடைத்ததைக் கணக்கில் காட்டாததற்கு 2017இல் தேர்தல் குழுவுக்கு 1000 டாலர் அபராதம். 2018 ஏப்ரலில் அது குற்ற வழக்காகவே ஆனது. அவர் பதவி விலகுவதற்கான ஒப்பந்தத்தில் அந்த வழக்கும் கைவிடப்பட்டது.

ஏன் இது என்னை அவ்வளவு வாட்டியது என்றால், எங்கள் பகுதி முன்னாள் ராணுவ வீரர் உதவி நிதிக்கு 2009இலிருந்து நான்தான் பொருளாளர்.

எங்கள் ரசீதுப் புத்தகம் பச்சை அட்டை. இரண்டு தாள், நடுவில் கார்பன். மேல் தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுவோம், அடித்தாள் புத்தகத்திலேயே இருக்கும். சந்தைக்குப் பக்கத்தில் புட்டு மாயம் விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவர் வீட்டில் யாரும் ராணுவத்தில் இருந்ததில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் என்னைப் பார்த்தால், இடுப்பிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டை எடுப்பார். நாலாக மடித்திருக்கும், தேங்காய்ப்பூ வாசம் அடிக்கும். முதல் தடவை கொடுத்தபோது ரசீதில் அவருடைய கைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார். "எதுக்குக்கா?" என்றேன். "சக்கர நாற்காலி வாங்கினா எனக்கு ஒரு போன் அடிங்க தம்பி, சந்தோஷமா இருக்கும்" என்றார். நாற்காலி வாங்கினோம், நான் போன் அடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அந்த எண் எனக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான். வேறு எதற்கும் அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை.

எங்களிடமும் கேட்டார்கள். ஒரு தேர்தலுக்கு முன்னால் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் சல்யூட் அடித்த மனிதர், எனக்கு நல்லது செய்தவர். ஒரு கட்சிக்காக வேலை செய்துகொண்டிருந்தார். தே தாரேக் குடித்துக்கொண்டே, உறுப்பினர்கள், நன்கொடையாளர்கள் பெயரும் எண்ணும் மட்டும் கொடு, நம் ஆட்களுக்காகத்தானே செய்கிறோம் என்று மலாயில் சொன்னார். மேசைக்கு அடியில் என் கை நடுங்கியது. இத்தனை வருஷப் பழக்கம், 'சரி துவான்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முடியாது துவான், இது என்னுடையது இல்லை என்றேன். அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்ததில்லை. போன தீபாவளிக்கும் வரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிதான்.

அதனால்தான் சொல்கிறேன், மிசூரியில் நடந்ததை என்னால் ஏதோ தூரத்து விஷயமாகப் பார்க்க முடியவில்லை. கால் இழந்தவனுக்காகக் கொடுத்தவன் பெயரை எடுத்து, தன் பதவிக்காகக் காசு கேட்டால், அந்தக் காலை மறுபடி எடுத்த மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. 2020இல் அந்த மாநிலத்தின் நெறிமுறை ஆணையம் வேறு ஒரு கணக்கு விஷயத்தில் அவருடைய தேர்தல் குழுவுக்குப் பெரிய அபராதம் போட்டது. அவர் தானே தவறு செய்ததற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அவர் அதைத் தன் வெற்றியாகவே பேசினார். ஆட்சியில் இருந்தபோது அவரும் அவருடைய ஆட்களும், படித்தவுடன் அழிந்துபோகிற செய்திச் செயலியைக் கைபேசியில் வைத்திருந்தார்கள் என்றும் படித்தேன். என் ரசீதுப் புத்தகத்தின் அடித்தாள்கள் 2009இலிருந்து பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கார்பன் எழுத்து மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் படிக்கலாம்.

2022இல் அவர் மறுபடி வந்தார், செனட் தேர்தலுக்கு. ஆயுதம் தாங்கிய ஆட்களோடு ஒரு வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போகிற காணொளி. தன் சொந்தக் கட்சியிலேயே தனக்குப் பிடிக்காதவர்களை வேட்டையாடுவதாகப் பேச்சு. பேஸ்புக் அதை எடுத்துவிட்டது. கட்சிக்குள் நடந்த தேர்வில் மூன்றாவதாக வந்தார். நான் அந்தக் காணொளியைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அன்றைக்குத்தான் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டேன். அடுத்த சனிக்கிழமை பெர்ரி ஏறினேன்.

பாயிடம் கொடுத்து, பாதி விலை வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் யாருக்கும் விற்காதீர்கள் என்றேன். வேறு கடையாக இருந்தால் சரி என்று வாங்கி ஓரமாகப் போட்டிருப்பார்கள், அல்லது அட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி தன்னம்பிக்கை நூல்கள் அடுக்கில் செருகியிருப்பார்கள். பாய் என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். என்ன ஆச்சு என்றார். சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் இரண்டு பேர் வந்து பயிற்சி நூல் கேட்டார்கள், கையைக் காட்டித் திருப்பிவிட்டார். அப்புறம் கேட்டார்: "போஸ்னியா பத்தி எழுதினது பொய்யா, சார்ஜன்?"

இல்லை என்றேன். அது பொய் இல்லை. நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப பொஸ்தகத்த எதுக்குப் பொதைக்கிறீங்க? படிக்கிறவனுக்கு மிச்சத்தச் சொல்லுங்க. இதுல முடிவு இல்லல்ல."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பழைய நாள்காட்டித் தாள்களைக் கிழித்து வைத்த கத்தையை எடுத்தார். பின்பக்கம் வெள்ளை. இந்தக் கடையில் அது ஒரு வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சட்டம் மாறிப்போன சட்ட நூல், மருந்து அளவு மாறிப்போன மருத்துவ நூல், இப்படி ஏதாவது கைக்கு வந்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைப்பார். வாங்குகிறவன் ஏமாறக் கூடாது. என்னிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார்.

நான் பக்கம் முழுக்க எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தீர்ப்பு எழுதாதீங்க சார்ஜன். தேதிய மட்டும் எழுதுங்க. மிச்சத்த அவன் தேடிப் படிப்பான்." இரண்டாவது தாளிலும் கோபம்தான் வந்தது. மூன்றாவதில் மலாயிலும் தமிழிலும் நாலு வரி எழுதினேன். 2017 ஜனவரியில் மிசூரி ஆளுநர். 2018 ஏப்ரலில் சட்டமன்றக் குழு அறிக்கை. 2018 ஜூன் 1இல் பதவி விலகல். நன்கொடையாளர் பட்டியல் வழக்கையும் சேர்த்துப் படிக்கவும். பாய் அதை முதல் பக்கத்தில் வைத்து, 18 என்ற பென்சில் எழுத்தை அழித்துவிட்டு 8 என்று எழுதினார். தன்னம்பிக்கை அடுக்குக்குக் கொண்டுபோகவில்லை. அரசியல் வரலாறு இருக்கும் பக்கம் வைத்தார். எனக்கு 9 வெள்ளி எண்ணிக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். 9 கொடுத்து 8க்கு விற்கிற வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த 9 வெள்ளி அன்று மாலையே ரசீதுப் புத்தகத்தில் ஏறியது, அடித்தாள் இருக்கிறது.

பழைய புத்தகக் கடைக்குப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், புத்தகத்தின் நிலையைப் பார்ப்பார்கள். கடைக்காரர் தான் விற்கிற புத்தகத்துக்குப் பொறுப்பேற்கிறாரா என்று பார்ப்பதில்லை. இவர் ஏற்கிறார். நெருக்கடியான சந்து, இருட்டு, தமிழுக்கு ஒரே தட்டு, எல்லாவற்றையும் இந்த ஒன்றுக்காக நான் பொறுத்துக்கொள்வேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன்பு பாய் புத்தகங்களைக் கட்டவிழ்த்துக்கொண்டிருப்பார். சில்லறை கொண்டுபோங்கள், கைபேசியில் கட்டலாம் என்றாலும் மாடியில் சிக்னல் வருகிறது, போகிறது. பிள்ளைகளை அழைத்துப்போனால் கீழ் அடுக்கிலிருந்து இழுக்க விடாதீர்கள், மேலே இருப்பது சரியும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்தைத் திறந்து சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் புத்தகம் வீட்டில் சும்மா கிடந்தால் குப்பையில் போடாமல் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள், தயவுசெய்து.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்த இடத்தில் புத்தகம் இல்லை. சீட்டோடு போனதா என்று கேட்டேன். சீட்டோடுதான் என்றார். அந்த ஞாயிறு மரத்தடிப் பையன்களில் யாராவது வந்து வாங்கியிருப்பானோ என்று எனக்கு ஓர் ஆசை. யார் வாங்கினார்கள் என்று கேட்டேன்.

பாய் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "யாரு என்ன வாங்கினாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்றதில்ல, சார்ஜன்" என்றார்.